தோல் அட்டை ஆல்பம்: ஒரு மதிப்புரை

பழைய பொருள் ஒன்றைக் கையில் எடுத்ததும் நாம் சொல்லும் வழக்கமான வார்த்தை, "அந்தக் காலத்து வேலைப்பாடு!" என்பது. சொல்லிவிட்டுப் பொருளைக் கீழே வைத்துவிடுகிறோம். என்ன வேலைப்பாடு, அது எதற்காகச் செய்யப்பட்டது, செய்தது பலித்ததா என்று நாம் கேட்பதில்லை. ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுத உட்காருபவர் "அருமை" என்ற ஒற்றைச் சொல்லோடு பேனாவை மூடிவிட்டால் பத்திரிகை ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா? கைவினைப் பொருளுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

ஐரோப்பாவில் 1860ஆம் ஆண்டுக்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகள் பெருவாரியாகச் செய்யப்பட்ட தோல் அட்டைப் புகைப்பட ஆல்பத்தை இங்கே மதிப்புரைக்கு எடுத்துக்கொள்கிறேன். நான் பார்த்து எழுதும் பிரதி, பழம்பொருள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் இரவல் தந்தது. உயரம் 15.5 செ.மீ., அகலம் 12.5 செ.மீ., தடிமன் 6 செ.மீ. கருஞ்சிவப்புத் தோல், இரண்டு பித்தளைக் கொக்கிகள், மூன்று பக்கமும் தங்க விளிம்பு. உள்ளே 25 ஏடுகள். ஒவ்வோர் ஏட்டின் இருபுறமும் ஒவ்வொரு படம். ஆக, 50 படங்களுக்கு இடம். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. அக்காலத்து ஆல்பங்களில் இது உயர்ந்த ரகமும் அல்ல, மட்டமான ரகமும் அல்ல. மதிப்புரைக்கு நடுத்தரமே நல்லது. உயர்ந்த ரகம் நம்மைப் பேச விடாது.

ஒரு பொருளை மதிப்பிட வேண்டுமானால், அதனிடம் என்ன வேலை கேட்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆல்பத்திடம் கேட்கப்பட்டது இது: ஐம்பது படங்களைப் பசை தடவாமல் பிடித்துவைக்க வேண்டும், வேண்டும்போது ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடிய வேண்டும், வரவேற்பறை மேசையில் கிடந்து விருந்தாளிகள் பலர் புரட்டினாலும் குலையக் கூடாது. ஒன்றோடொன்று மோதக்கூடிய கோரிக்கைகள் இவை. அடிக்கடி புரட்டும் பொருள் தேயும். கழற்றி மாட்டும் இடம் கிழியும்.

முதலில் படத்தைப் பார்ப்போம். 1854இல் பாரிஸ் நகரப் புகைப்படக்காரர் டிஸ்தேரி ஒரு காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்து, அச்சிட்டு, வெட்டி, அட்டையில் ஒட்டித் தருவது அவர் முறை. விலை மளமளவென்று இறங்கியது. அட்டையின் அளவு சுமார் 64 மி.மீ.க்கு 100 மி.மீ. அக்காலத்தில் பிறர் வீட்டுக்குச் சென்றால் கொடுக்கும் பெயர் அட்டையின் அளவு ஏறக்குறைய அதுவே. ஆகவே 'கார்ட்-டி-விசிட்' என்று பெயர் வந்தது. 1860இல் லண்டனில் மேயால் என்பவர் விக்டோரியா அரசி குடும்பத்தின் படங்களை இந்த அளவில் வெளியிட்டதும் ஆளுக்கு ஆள் சேகரிக்கத் தொடங்கினார்கள். மாமன், அத்தை படங்களோடு அரசியின் படமும் ஒரே ஆல்பத்தில் இடம் பெற்றது.

படத்தை ஏன் கெட்டி அட்டையில் ஒட்டினார்கள்? அழகுக்காக அல்ல. அன்றைய படத்தாள் முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாள். 1850இல் பிரெஞ்சுக்காரரான பிளாங்கார்-எவ்ரார் வெளியிட்ட முறை அது. வெள்ளைக்கருப் படலம் காயும்போது சுருங்குகிறது. அடியில் உள்ள தாள் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஒருபுறம் மட்டும் இழுபட்டால் தாள் என்ன செய்யும்? வெயிலில் கிடந்த வாழைச் சருகுபோலச் சுருண்டுகொள்ளும். அதைத் தடுக்கத்தான் அட்டை. இந்த அட்டைகள் எந்த ஊரில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்ததால், ஆல்பம் செய்பவர் படத்தைப் பார்க்காமலேயே அதற்கு இடம் வெட்டி வைக்க முடிந்தது. பொது அளவு என்ற ஏற்பாடு இல்லையானால் இந்த ஆல்பமே பிறந்திருக்காது.

இப்போது ஏட்டுக்கு வருவோம். இந்த ஆல்பத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. தோலும் தங்கமும் கண்ணைப் பறிக்கும். மூளை வேலை செய்திருப்பது உள்ளே.

உங்களிடம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் இருந்தால் பக்கத்துக்கு ஒரு படம் வீதம் ஐம்பது படங்களை அதில் ஒட்டிப் பாருங்கள். புத்தகம் மூடாது. முதுகுப் பக்கம் பழைய தடிமன். வெளிப்பக்கம் படங்களின் தடிமனும் சேர்ந்து இரண்டு மடங்கு. முதலை வாயைத் திறந்தாற்போல நிற்கும். வலிந்து மூடினால் முதுகு தெறிக்கும். சாதாரணக் கணக்குதான்: படம் ஒட்டிய அட்டை அரை மில்லிமீட்டர் என்றால், ஐம்பது படங்களுக்கு 25 மி.மீ. கூடிவிடும்.

ஆல்பக்காரர் இதை எப்படித் தீர்த்தார்? அவருடைய ஏடு ஒரே தாள் அல்ல. நடுவில் கெட்டி அட்டை. அதில் படத்தின் அளவுக்கே ஓர் இடம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் இருபுறமும் சன்னல் வெட்டிய மெல்லிய அட்டைச் சட்டங்கள். படம் கீழ்ப்புறத்தில் உள்ள சிறு பிளவின் வழியே நுழைந்து, வெட்டி எடுத்த அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. முதுகோடு முதுகு சேர்த்து இரண்டு படங்கள். படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏட்டின் தடிமன் மாறாது! எங்கள் கல்லூரி ஆய்வகத்துத் திருகு அளவியால் படம் உள்ள ஏட்டையும் காலியான ஏட்டையும் அளந்து பார்த்தேன். இரண்டும் 2 மி.மீ.தான், வேறுபாடு அளவியின் பிழை வரம்புக்குள் அடங்கிவிட்டது. ஆல்பம் காலியாக விற்பனைக்கு வந்த நாளிலும், பத்தாண்டு கழித்து நிரம்பிய நாளிலும் ஒரே பருமனாகத்தான் இருந்திருக்கும்.

இதனால் வேறொரு சிக்கல் வந்தது. தாள் தடித்தால் விறைக்கும். எவ்வளவு விறைக்கும்? ஒரு தகட்டின் வளையாமை அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப உயரும் என்பது இயற்பியல் மாணவர்கள் சட்டத்தை வளைத்துச் செய்யும் சோதனையில் காண்பதுதான். நோட்டுத் தாள் 0.1 மி.மீ.; இந்த ஏடு 2 மி.மீ. இருபது மடங்கு தடிமன். விறைப்போ, ஒரே பொருளாலான தகடு என்று கொண்டால், 20 × 20 × 20, அதாவது 8000 மடங்கு. இப்படிப்பட்ட ஏட்டை முதுகில் வைத்து நேரடியாகத் தைத்தால் புரட்ட முடியாது. முரட்டுத்தனமாகப் புரட்டினால் தையலோடு பிய்ந்து வரும்.

ஆகவே ஏட்டை வளைய விடாமல், வளைவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். ஏட்டின் உள்விளிம்பில் விரல் அகலத்துக்கும் குறைவான ஒரு துணிப் பட்டை. துணியின் மறுவிளிம்பு ஒரு தடித்த அட்டைத் துண்டோடு சேர்ந்து முதுகில் கட்டப்பட்டிருக்கிறது. கதவு வளைவதில்லை, கீல்தான் திரும்புகிறது, அதே தத்துவம். துணிக்குள் ஊடும் பாவுமாக ஓடும் நூல்கள் ஆயிரம் முறை மடங்கினாலும் தாளைப்போல ஒடிவதில்லை. அந்த அட்டைத் துண்டுக்கும் காரணம் உண்டு. அது ஏட்டின் அதே தடிமன். வெளிப்பக்கம் 25 ஏடுகள் சேர்ந்து எவ்வளவு உயரமோ, முதுகிலும் அவ்வளவு உயரம் வர வேண்டுமே! அதை நிரப்ப வந்தது அது. யார் கண்ணிலும் படாது. அது இல்லையென்றால் மேற்சொன்ன முதலை வாய்தான். நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் இந்தப் பிரதியில் 25 துணிக் கீல்களில் இரண்டே கிழிந்திருக்கின்றன.

குறையும் சொல்ல வேண்டும். படம் நுழையும் பிளவு சரியில்லை. அந்த இடத்தில் சட்டத்தின் அட்டை ஒரு கீற்றளவே இருக்கிறது. படத்தை வெளியே எடுக்க நகத்தால் நெம்புவதைத் தவிர வழியில்லை. இந்த ஆல்பத்தில் பதினொரு பிளவுகள் கிழிந்திருக்கின்றன. கிழிசல் எல்லாம் கீழ்விளிம்பின் நடுவிலிருந்தே தொடங்குகிறது. பெருவிரல் நுனி நுழையுமளவுக்கு ஒரு பிறை வடிவ வெட்டு கொடுத்திருந்தால் போதும், படத்தைப் பிடித்து இழுத்திருக்கலாம். முதுகுக்கு அவ்வளவு யோசித்தவர் இங்கே யோசிக்கவில்லை. சன்னல் விளிம்பைச் சரித்து வெட்டித் தங்கக் கோடு போட நேரம் இருந்திருக்கிறது!

அடுத்து கொக்கி. பித்தளைக் கொக்கி வெறும் நகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. மத்திய காலத்து ஐரோப்பியர் ஆட்டுத் தோலையும் கன்றுத் தோலையும் சுரண்டிக் காயவைத்து அதில் எழுதினார்கள். பதனிடாத அத்தோல் ஈரக் காற்றில் நெளியும். ஆகவே புத்தகத்தை அழுத்தி வைக்கக் கொக்கி தேவைப்பட்டது. தாள் வந்தபின் கொக்கி பெரும்பாலும் மறைந்தது. ஆல்பத்தில் மறுபடியும் அதற்கு வேலை வந்தது. தடித்த ஏடுகள் பிரிந்து நிற்காமல் அழுத்திப் பிடித்தால் தூசியும் வெளிச்சமும் உள்ளே போகா. ஆனால் கொக்கியின் நீளம் மாறாதது. உள்ளே படம் சேரச் சேரப் பருமன் கூடும் புத்தகத்துக்குக் கொக்கி போட முடியுமா? ஏட்டின் தடிமனை மாறாமல் வைத்த ஏற்பாடு இங்கே பலன் கொடுக்கிறது. உள்ளே செய்த ஒரு முடிவு வெளியே ஒரு கொக்கியைச் சாத்தியமாக்குகிறது. ஒரு படைப்பில் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குத் துணை நிற்பதை இலக்கிய மதிப்புரையாளர்கள் பாராட்டுவார்கள். பைண்டருக்கும் அந்தப் பாராட்டைக் கொடுக்கலாம். பின்னட்டையின் நான்கு மூலைகளிலும் பித்தளைக் குமிழ்கள் இருக்கின்றன. அவை மேசையைத் தொடும், தோல் தொடாது.

தங்க விளிம்பும் இதே வகை. ஏடுகளை இறுக்கி, விளிம்பைச் சுரண்டி வழவழப்பாக்கி, வெள்ளைக்கரு நீர் தடவி, தங்கரேக்கு வைத்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தங்கரேக்கின் தடிமன் மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விளக்குக்கு எதிரே பிடித்தால் அதன் வழியே பச்சை நிற ஒளி வரும். மாணவர்களுக்குக் காட்டினால் நம்ப மாட்டார்கள். இவ்வளவு மெல்லியதானாலும் விளிம்பில் தூசி தங்க இடமின்றி அடைத்துவிடுகிறது, தங்கம் கறுப்பதுமில்லை.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். விளிம்பில் வெள்ளைக்கருவும் தங்கமும். உள்ளே இருக்கும் படத்தில்? அங்கேயும் வெள்ளைக்கருவும் தங்கமும்தான்! வெள்ளைக்கருப் படலத்தில் வெள்ளித் துகள்களால் உருவான படத்தை அப்படியே விட்டால் விரைவில் மங்கும். ஆகவே தங்கக் குளோரைடு கரைசலில் அமிழ்த்துவார்கள். வெள்ளியின் ஒரு பகுதி கரைந்து, அந்த இடத்தில் தங்கம் படியும். நிறமும் செம்பழுப்பிலிருந்து கருஞ்சாந்து நிறத்துக்கு மாறும். பைண்டரும் புகைப்படக்காரரும் ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்தது அன்று. இரு தொழில்களும் தனித்தனியே இதே இரண்டு பொருள்களில் வந்து நின்றன. செலவான முட்டைகளின் கணக்கும் சிறியதன்று. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆலை 1888இல் ஓராண்டில் தயாரித்த படத்தாளுக்கு அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் தேவைப்பட்டன.

இனித் தோல். பார்த்தவுடன் எல்லோரும் புகழ்வது இதைத்தான். என் மதிப்பெண் இங்கேதான் குறைகிறது.

மேலட்டையில் அழுத்திய பூவேலையைப் பாருங்கள். கூர்மையான விளிம்புகள் இன்றும் மழுங்கவில்லை. மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊறிப் பதப்பட்ட தோலின் குணம் அது. ஈரமாக்கிச் சூடான அச்சை அழுத்தினால் பதிந்தது பதிந்தபடி நிற்கும். இன்று செருப்புக்கும் கைப்பைக்கும் பெரிதும் பயன்படும் குரோம் தோல் அப்படியன்று. அழுத்தினால் பஞ்சு மெத்தைபோலத் திரும்ப எழும்பிவிடும். ஆகவே புத்தகக் கட்டுக்குத் துவர்ப்பில் பதனிட்ட தோலைத் தேர்ந்தது சரியே.

எந்த விலங்கின் தோல்? மேற்பரப்பில் வெள்ளாட்டுத் தோலுக்குரிய மணிமணியான சொரசொரப்பு இருக்கிறது. ஆனால் மூலையில் தேய்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மேலடுக்கு தனியே உரிந்து படலமாக நிற்கிறது. இது செம்மறியாட்டுத் தோலின் அடையாளம். செம்மறித் தோலின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு மிகுதி. பதனிட்டபின் அந்த இடம் வெற்றிடமாகி அடுக்குகள் பிரியும். ஆக, செம்மறித் தோலில் வெள்ளாட்டுத் தோலின் மணிகளை உலோகத் தகட்டால் அழுத்திப் பதித்திருக்கிறார்கள். பித்தளைக்குப் பொன்முலாம் பூசியது போன்ற வேலை. நடுத்தர விலைக்கு இது மன்னிக்கத் தக்கதுதான்.

மன்னிக்க முடியாதது, அட்டை திரும்பும் இடத்தில் தோலை இழைத்த விதம். தோல் எளிதில் மடங்க வேண்டும் என்பதற்காக உட்புறமாகக் கத்தியால் சீவி மெலிதாக்குவது பைண்டர் வழக்கம். அட்டையின் நடுவில் 0.75 மி.மீ. இருக்கும் தோல், மடிப்பில் 0.25 மி.மீ.தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு. முப்படிக் கணக்குப்படி விறைப்பு 27இல் ஒரு பங்காகக் குறையும், வழவழவென்று திறக்கும், கடையில் வாங்குபவர் மயங்கிப்போவார். ஆனால் வலிமை? தோலின் பலமெல்லாம் உள்ளடுக்கில் பின்னிக் கிடக்கும் கொல்லாஜன் புரத நார்களில் இருக்கிறது. மேலடுக்கு அழகுக்குத்தான். உட்புறமாகச் சீவும்போது எறியப்படுவது பலம், எஞ்சுவது அழகு. 6 செ.மீ. தடித்த புத்தகத்தின் எடை முழுவதும் அந்த 0.25 மி.மீ. மேல் தொங்குகிறது. இந்தப் பிரதியின் மேலட்டை மடிப்போரமாகப் பாதிக்குமேல் பிளந்திருப்பதில் வியப்பில்லை. உள்ளே இருக்கும் துணிக் கீல் எளிமையானது, மலிவானது, நிலைத்துவிட்டது. வெளியே இருக்கும் தோல் கீல் விலையுயர்ந்தது; தோற்றுவிட்டது.

பிளந்த இடத்தில் விரல் வைத்தால் செங்கல் பொடிபோலச் சிவப்புத் தூள் ஒட்டுகிறது. ஐரோப்பிய நூலகர்களை 19ஆம் நூற்றாண்டில் தூங்கவிடாத நோய் இது. இதற்கு நம் ஊரோடும் ஒரு தொடர்பு உண்டு.

அன்று வீடுகளிலும் நூலகங்களிலும் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. அந்த வாயுவில் கந்தகம் கலந்திருக்கும். எரிந்தால் கந்தக டை ஆக்சைடு. அது தோலில் ஊறி, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து, கடைசியில் கந்தக அமிலம். அமிலம் கொல்லாஜன் நார்களைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். சூடான காற்று மேலே எழுவதால் மேல்தட்டுப் புத்தகங்களே முதலில் கெட்டன. 1840களில் மைக்கேல் பாரடேயே லண்டன் அத்தனேயம் கழகத்தில் எரிவாயு விளக்கு புத்தகக் கட்டுகளைக் கெடுப்பதைக் கவனித்து, புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் விளக்கமைப்பைப் பரிந்துரைத்தார்.

1900இல் லண்டன் கலைக் கழகம் இதை ஆராய ஒரு குழு அமைத்தது; அறிக்கை 1901இல் வந்தது. பல வகைத் தோல்களை வெளிச்சத்திலும் வாயுப் புகையிலும் வைத்துச் சோதித்த குழு, சுமாக் இலைத் துவர்ப்பில் பதனிட்ட தோல் மிக நன்று என்றது. மிக மோசம் என்று அது குறிப்பிட்ட வரிசையில் கிழக்கிந்தியத் தோல் முன்னணியில் நின்றது. 'பெர்சியன்' என்ற வணிகப் பெயரோடு லண்டன் சந்தைக்குச் சென்ற ஆட்டுத் தோல் அது. பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியது. நம் ஊர்த் தொட்டிகளில் ஆவாரம்பட்டையில் ஊறியது. தமிழ் வாசகர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

ஆனால் தீர்ப்பை முழுதும் ஆராயாமல் ஏற்க வேண்டியதில்லை. துவர்ப்புப் பொருள்களில் இரு வகை உண்டு. கடுக்காய், சுமாக் இவற்றின் மூலக்கூறுகள் நீரால் பகுபடுபவை. ஆவாரை, வேலம்பட்டை, வாட்டில் இவற்றினுடையவை ஒன்றோடொன்று இறுகிச் செறிபவை. இரண்டாம் வகைத் தோல் கந்தக டை ஆக்சைடை எளிதில் உறிஞ்சும். விரைவில் சிவந்து பொடியும். இது வேதியியல் உண்மை, மறுப்பதற்கில்லை. ஆயினும் நம் தொட்டிக்காரர் அதை லண்டன் வாயு விளக்கின்கீழ் நூறாண்டு வைக்கும் புத்தகத்துக்கென்று செய்யவில்லை. அரைப் பக்குவத்தில் அனுப்பிய தோல், இங்கிலாந்தில் மறுபடி அலசப்பட்டு, சாயம் நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று கந்தக அமிலம் கலந்த தொட்டியில் முக்கப்பட்டு, இயந்திரத்தில் பிளக்கப்பட்டு, பொய்மணி பதிக்கப்பட்டு, மடிப்பில் 0.25 மி.மீ. ஆகச் சீவப்பட்டது. சாயத் தொட்டி அமிலத்தையும் மிதமிஞ்சிய சீவலையும் அதே குழு கண்டித்திருக்கிறது. பழியை ஆவாரம்பட்டையின் தலையில் மட்டும் வைப்பவர்கள் அறிக்கையின் மறுபாதியைப் படிக்காதவர்கள். நம்மவர்கள் ஆவாரையில் பதனிட்டு, கடைசியில் கடுக்காய் நீரில் முக்கி எடுப்பதை நினைத்தால், கைப்பழக்கத்தில் வந்த அறிவு எவ்வளவு தூரம் சரியான திசையில் இருந்தது என்பது தெரியும். கடுக்காயின் பங்கைச் சற்றுக் கூட்டியிருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தோல் பொடிவதைக் கண்டு தேங்காய் எண்ணெய் தடவ எண்ணுபவர்களுக்கு ஒரு சொல்: வேண்டாம். எண்ணெய் அமிலத்தை நீக்காது. தோல் கறுத்துப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பொடிந்த தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து எதுவுமில்லை. ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் வகைப் பூச்சு ஒன்றால் தூளை இறுக்கி நிறுத்துகிறார்கள் பழுதுபார்ப்பவர்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, படுக்கைவாட்டில் வைப்பது.

இந்த ஆல்பம் வழக்கொழிந்ததற்குக் காரணம் தோலன்று. 1888இல் கோடக் காமிரா வந்தது. அதன் முதல் படங்கள் வட்டமானவை, இரண்டரை அங்குல விட்டம். அதன்பின் எத்தனையோ அளவுகள். ஒரே அளவுக்குச் சன்னல் வெட்டிய ஏடு என்ன செய்யும்? கறுப்புத் தாளில் மூலைக் காகிதம் ஒட்டிப் படத்தைச் செருகும் ஆல்பங்கள் வந்தன. அவையும் மோசமில்லை. தாள் மட்டமானது என்றாலும், படத்தில் பசை படாது, எடுத்து மாற்றலாம்.

1970களில் பரவிய ஒட்டும் ஆல்பம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. 'காந்த ஆல்பம்' என்றும் அதற்கொரு பெயர். காந்தத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை என்பதை இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன். கெட்டி அட்டையில் கோடு கோடாகப் பசை. மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். படத்தை வைத்துத் தாளை மூடினால் வேலை முடிந்தது. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் 1980களிலும் 1990களிலும் எடுத்த வண்ணப் படங்கள் எத்தனையோ இதற்குள் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒன்று இருக்கக்கூடும்.

வடிவமைப்பு என்ற முறையில் இதை நான் மிகக் கடுமையாகவே மதிப்பிடுகிறேன். தோல் ஆல்பத்தின் பைண்டர் கேட்ட முதல் கேள்வி, "படம் எப்படி வெளியே வரும்?" என்பது. பிளவைச் சரியாகச் செய்யாவிட்டாலும் கேள்வியைக் கேட்டார். ஒட்டும் ஆல்பம் செய்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை. பசை காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகிறது. சில ஆண்டுகளில் சில இடங்களில் வறண்டு பிடிவிடுகிறது, சில இடங்களில் பாறையாக இறுகுகிறது. மேலே உள்ள தாள் பி.வி.சி. ஆனால் அதிலிருந்து குளோரின் சேர்ந்த அமில ஆவியும், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் கசிகின்றன. படம் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காலத்து வண்ணப் படங்கள் இருட்டில் வைத்தாலும் நீலச்சாயம் மங்கிச் சிவந்துபோகும்; அந்தப் பழி ஆல்பத்துக்கு உரியதன்று. மற்றவை உரியவை. படத்தோடு படும் பொருள் படத்தைக் கெடுக்குமா என்று சோதிக்க இன்று ஐ.எஸ்.ஓ. 18916 என்ற பன்னாட்டுத் தரமே இருக்கிறது. புதிய ஆல்பம் வாங்கும்போது கடைக்காரரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார், ஆனாலும் கேட்கலாம்.

வீட்டில் அப்படியோர் ஆல்பம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளபடியே படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு செய்தியே. பிளாஸ்டிக் தாளை மெல்ல, பக்கத்தோடு ஏறக்குறையப் படிந்த நிலையில் பின்னோக்கி இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் படமும் மேலெழும்பி மடியும். பிறகு பல் இடுக்கைத் துப்புரவு செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்தின் மூலையில் நுழைத்து, இரு கைகளாலும் அறுப்பதுபோல இழுத்துக்கொண்டே போக வேண்டும். சூடு காட்டாதீர்கள், பசை இளகிப் படத்துக்குள் ஊறும். ஈரம் வேண்டவே வேண்டாம். வராத படத்தை வலிந்து பிய்க்காமல் விட்டுவிடுங்கள்.

என் பெற்றோரின் திருமண ஆல்பத்தில் இருந்த 72 படங்களை இந்த முறையில் கழற்ற நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. 61 படங்கள் முழுதாக வந்தன. ஐந்து படங்களின் பின்புறத் தாள் உரிந்தது. மீதி ஆறு வரவில்லை. பக்கத்தோடு சேர்த்து வெட்டி, அமிலமில்லாத தாள் உறையில் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று என் தாத்தாவின் படம். எங்கள் வீட்டில் அவருக்கு வேறு படம் கிடையாது.